என்க்ளோஷர்ல போட்ட ஹார்ட் டிஸ்க் வரலையா? அறிகுறிய வெச்சு கோளாற கண்டுபிடிக்கிற வழி

பழைய லேப்டாப்லயோ கம்ப்யூட்டர்லயோ இருந்து கழட்டின ஹார்ட் டிஸ்க்க என்க்ளோஷர்ல (டிஸ்க்க உள்ள வெச்சு யூஎஸ்பில சொருகுற பெட்டி) மாட்டி எக்ஸ்டெர்னலா பயன்படுத்துறது ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் செய்யக்கூடிய வேலைதான், பெரும்பாலும் சொருகின உடனே வந்துடும். வராதப்பதான் பிரச்சனை. பதட்டத்துல திரையில வர்ற பட்டன எல்லாம் அமுக்கி, நல்லா இருந்த டிஸ்க்ல இருந்த டேட்டாவ ஆளுங்க தாங்களே அழிச்சுடுறாங்க, குழந்தை போட்டோ, பழைய ப்ராஜெக்ட், கணக்கு வழக்குன்னு எல்லாம் போயிடும். ஆனா டிஸ்க் மேல தப்பே இருக்காது, கரண்டு பத்தாம இருக்கும் இல்லன்னா கேபிள் சரியில்லாம இருக்கும். இத நினைச்சாதான் எனக்கு மனசு ஆறாது.

அதனால இத முதல்ல படிச்சுட்டு கீழ போங்க. உள்ள உங்களுக்கு வேணுங்கற ஃபைல் இருக்குன்னா, விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணணும்"னு கேட்டா கேன்சல், "இனிஷியலைஸ் பண்ணணும்"னு கேட்டாலும் கேன்சல். மேக்ல இதே மாதிரி வந்தா எஜெக்ட் இல்லன்னா இக்னோர், இனிஷியலைஸ்ங்கற பட்டன் பக்கமே போகாதீங்க. செக் டிஸ்க் (பிழை தேடி திருத்துற விண்டோஸ் ப்ரோக்ராம்) ஓட்டி பார்க்கலாம்னு யாராவது சொன்னாலும் இப்போதைக்கு வேணாம், திருத்தும்போது அது டிஸ்க்ல எழுதும், கோளாறு எங்கன்னு தெரியாம டிஸ்க்ல ஒரு எழுத்து கூட எழுதக் கூடாது.

கோளாறு எங்க இருக்கலாம்னா, வரிசையா சொல்றேன்: கரண்டு, கேபிள், என்க்ளோஷருக்குள்ள இருக்குற பிரிட்ஜ் போர்டு, டிஸ்க், டிஸ்க்ல இருக்குற பார்டிஷன் (டிஸ்க்க பிரிச்சு வெச்ச பகுதி), அதுக்குள்ள ஃபைல் சிஸ்டம் (ஃபைல அடுக்கி வைக்கிற முறை), கடைசியா பர்மிஷன் இல்லன்னா லாக். பிரிட்ஜ்ங்கறது டிஸ்க் பேசுற சாட்டாங்கற இணைப்பு முறைய கம்ப்யூட்டருக்கு புரியுற யூஎஸ்பியா மாத்துற சின்ன சிப், நிறைய பேர் இப்படி ஒண்ணு இருக்குன்னே நினைக்கிறதில்ல, ஆனா வினோதமான கோளாறுல பல இதுலதான் வரும். கீழ ஒவ்வொரு அறிகுறியும் இந்த வரிசையிலதான் போகுது, உங்களுக்கு எது நடக்குதோ நேரா அங்க போங்க.

டிஸ்க் என்க்ளோஷருக்குள்ள போகல, இல்லன்னா பின் பொருந்தல

அழுத்தி தள்ளாதீங்க. சாட்டா டிஸ்க்ல எல் வடிவத்துல ரெண்டு தட்டை கனெக்டர் பக்கத்து பக்கத்துல இருக்கும், சின்னது 7 பின் டேட்டாவுக்கு, பெருசு 15 பின் கரண்டுக்கு. ஊசி மாதிரி ரெண்டு வரிசை பின் இருந்தா அது பழைய ஐடிஇ டிஸ்க், 3.5 இன்ச்ல 40 பின், லேப்டாப் டிஸ்க்ல 44 பின், அதுக்கு தனி என்க்ளோஷர் வேணும்.

சாட்டாதான், ஆனாலும் மூடி மூடலன்னா உயரத்த பாருங்க. 2.5 இன்ச் டிஸ்க்ல 7 மில்லிமீட்டர், 9.5, 12.5, 15ன்னு பல உயரம் உண்டு, சாதாரண என்க்ளோஷர் 9.5 வரைக்கும்தான் ஏத்துக்கும், அதிக கொள்ளளவு உள்ள டிஸ்க் சிலது 15 இருக்கும். 7 மில்லிமீட்டர் டிஸ்க்குக்கு நேர் எதிர் பிரச்சனை, உள்ள ஆடும், ஆடினா கனெக்டர் விட்டு விட்டு தொடும். கூட வர்ற ஸ்பாஞ்ச் பேட வீசிடாதீங்க, அது இதுக்குத்தான்.

எம்.2 எஸ்எஸ்டியா (ஒல்லியா பட்டை மாதிரி இருக்குறது) இருந்தா வேற கதை. பார்க்க ஒரே மாதிரி இருக்குற எம்.2ல சாட்டாவும் இருக்கு, அதவிட வேகமான என்விஎம்இங்கற வகையும் இருக்கு. என்விஎம்இ மட்டும் படிக்கிற என்க்ளோஷர்ல சாட்டா எம்.2வ போட்டா உள்ள அழகா உக்காரும், லைட்டும் எரியும், ஆனா ஒண்ணுமே வராது, மாத்தி போட்டாலும் அதே கதி. சொருகுற முனையில வெட்டு ஒண்ணுதான் இருக்குன்னா அனேகமா என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஆனா வெட்ட மட்டும் நம்பாதீங்க, லேபிள்ல இருக்குற மாடல் நம்பர தேடி பார்த்துடுங்க. ரெண்டையும் படிக்கிற சிப் இருக்குற என்க்ளோஷரும் இருக்கு, ரியல்டெக் ஆர்டிஎல்9210பி அப்படி ஒண்ணு, வாங்கும்போது இத பார்த்து வாங்கினா இந்த தலைவலி இல்ல.

லைட்டும் எரியல, சத்தமும் இல்ல

டிஸ்க்க வெளிய எடுத்துட்டு காலி என்க்ளோஷர மட்டும் சொருகி பாருங்க. பல மாடல்ல டிஸ்க் இல்லாமலே லைட் எரியும், சிலது கம்ப்யூட்டர்லயும் ஒரு பேரோட தெரியும். இப்பவும் ஒண்ணுமே இல்லன்னா கேபிள மாத்துங்க, போர்ட்ட மாத்துங்க, வேற கம்ப்யூட்டர்ல பாருங்க. மூணுலயும் செத்த மாதிரி இருந்தா அனேகமா என்க்ளோஷர்தான் போயிருக்கு, டிஸ்க்க பத்தி கவலைப்பட இன்னும் ஒரு காரணமும் கிடையாது.

3.5 இன்ச் டிஸ்க்னா அடாப்டர பாருங்க. அந்த டிஸ்க்கோட மோட்டார் 12 வோல்ட்ல சுத்துது, யூஎஸ்பி போர்ட் தர்றது 5 வோல்ட், அதனால தனி அடாப்டர் இல்லாம 3.5 இன்ச் டிஸ்க்க சாதாரண யூஎஸ்பி கேபிள்ல ஓட்டவே முடியாது. அடாப்டர் சொருகியாச்சு, சுவிட்சும் போட்டாச்சு, அப்பவும் இல்லன்னா அடாப்டர்லயே ஒரு லைட் இருக்கான்னு பாருங்க, இந்த அடாப்டர்தான் சீக்கிரம் போற பொருள். மாத்தும்போது வீட்ல இருக்குற வேற அடாப்டர எடுத்து "முனை பொருந்துதே"ன்னு சொருகிடாதீங்க, இத கெஞ்சி கேட்டுக்கிறேன். ரௌட்டருக்கு, லேப்டாப்புக்கு வர்ற அடாப்டர்ல அதே முனை இருக்கலாம், ஆனா வோல்டேஜ் வேறயா இருக்கலாம், லேப்டாப்போடது பெரும்பாலும் 19 வோல்ட், அத சொருகினா டிஸ்க் போர்டு கருகிடும். வோல்டேஜ், உள்முனை ப்ளஸ்ஸா மைனஸாங்கற படம், ரெண்டும் அப்படியே ஒத்துப்போகணும், ஆம்பியர் பழசுக்கு சமமா இல்லன்னா அதுக்கு மேல இருக்கணும்.

லைட் எரியுது, ஆனா டிஸ்க் சுத்தல, இல்லன்னா சுத்த ஆரம்பிச்சு நின்னு நின்னு போகுது

2.5 இன்ச் டிஸ்க்ல ரொம்ப அடிக்கடி வர்றது இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். யூஎஸ்பி 2.0 போர்ட் கணக்குப்படி தர்றது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. டிஸ்க்கோட லேபிள்ல 5 வோல்ட்டுக்கு பக்கத்துல ஒரு ஆம்பியர் அளவு போட்டிருக்கும் பாருங்க, 0.55ல இருந்து 1.0 வரைக்கும் இருக்கும். டிஸ்க்குக்குள்ள நின்னிருக்குற வட்ட தட்ட சுத்த வைக்கிற அந்த முதல் சில செகண்ட்லதான் டிஸ்க் அதிக கரண்டு இழுக்கும், சுத்த ஆரம்பிச்சிட்டா குறைஞ்சுடும். ஆக, போர்ட் தர்றது அந்த சில செகண்டுக்கு பத்தலன்னா மோட்டார் கொஞ்சம் சுத்தும், வோல்டேஜ் விழும், பிரிட்ஜ் ரீசெட் ஆகும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். இது வெளிய கேக்கும்போது "டிக்... விர்ர்... டிக்"னு கேக்கும், ஹெட் (தட்டுல இருந்து டேட்டாவ படிக்கிற முனை) போன டிஸ்க் எழுப்புற சத்தம் மாதிரியே இருக்கும், அதனாலதான் நிறைய நல்ல டிஸ்க்க செத்துப்போச்சுன்னு தூக்கி போட்டுடுறாங்க.

அதனால செத்துச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கரண்ட சரி பண்ணி பாருங்க. டெஸ்க்டாப்னா முன்பக்க போர்ட்ட விட்டுட்டு பின்னாடி மதர்போர்டுல நேரா இருக்குற போர்ட்ல சொருகுங்க. ஹப் இருந்தா எடுத்துடுங்க, ஹப்தான் வேணும்னா தனி அடாப்டர் உள்ள ஹப்பா இருக்கணும். கேபிள் குட்டையா, தடியா இருக்கணும், நீளமான ஒல்லி கேபிள்ல வோல்டேஜ் வழியிலயே குறைஞ்சுடும். ரெண்டு யூஎஸ்பி முனை உள்ள ஒய் கேபிள் கிடைச்சா ரெண்டையும் சொருகி பாருங்க, யூஎஸ்பி 2.0 மட்டும் இருக்குற பழைய கம்ப்யூட்டருக்கு இது நல்ல வழி. போன்ல ஓடிஜி போட்டு ஹார்ட் டிஸ்க் ஓட்ட பார்க்கிறவங்களுக்கும் இதே பதில்தான், போன் தர்ற கரண்டு பல நேரம் பத்தாது, எஸ்எஸ்டின்னா வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

நல்ல போர்ட், நல்ல கேபிள், 3.5ன்னா நல்ல அடாப்டர், எல்லாம் குடுத்தும் சீரா ஒரே தாளத்துல டக் டக்குன்னு அடிக்குதுன்னா, அதோட கீச்சுனு இல்லன்னா உரசுற மாதிரி சத்தம் வருதுன்னா, அப்ப நிறுத்திடுங்க. இன்னொரு தடவ பார்க்கலாம்னு மறுபடி மறுபடி ஆன் பண்ணாதீங்க. ஹெட் தட்டு மேல உரசினா ஒவ்வொரு சுத்துக்கும் டேட்டா இருக்குற பூச்சு சுரண்டிக்கிட்டே போகும். ஃப்ரீசர்ல வைக்கிறது, தட்டுறது, மூடிய திறந்து பார்க்கிறது எதுவும் பண்ணாதீங்க. டேட்டா முக்கியம்னா கிளீன் ரூம் (தூசி இல்லாத அறை) வசதி உள்ள டேட்டா ரெகவரி ஆளுங்ககிட்ட குடுக்குறதுதான் வழி, கம்மியா ஆன் பண்ணி இருந்தா அவங்களுக்கும் மீட்க வாய்ப்பு அதிகம்.

சொருகினா சவுண்டு வருது, ஆனா எக்ஸ்ப்ளோரர்ல டிரைவ் இல்ல

இது வந்தா சந்தோஷப்படுங்க, கரண்டும் கேபிளும் ஓரளவு சரியா இருக்குன்னு அர்த்தம். எக்ஸ்ப்ளோரர மூடிட்டு, ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மெண்ட்ட திறங்க. மேக்னா டிஸ்க் யூட்டிலிட்டி, அதுல வியூல போய் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லணும். திறந்ததும் இனிஷியலைஸ் கேக்கலாம், கேட்டா கேன்சல் குடுத்துட்டு கீழ் பாதியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, அங்க எழுதியிருக்குறதுதான் பாதி விடை.

பார்டிஷன் நல்லா நீலமா தெரியுது, பேரு, சைஸ் எல்லாம் இருக்கு, டிரைவ் லெட்டர் மட்டும் இல்லன்னா ரைட் கிளிக் பண்ணி லெட்டர் குடுங்க, முடிஞ்சது. ஆனா ரெக்கவரி, இஎஃப்ஐன்னு எழுதியிருக்குற குட்டி பார்டிஷனுக்கு குடுக்க வேணாம், அது பழைய விண்டோஸ் பூட் ஆகவும் மீட்கவும் வெச்சது.

"ஆஃப்லைன்"னு இருந்து, சிக்னேச்சர் மோதல்னு காரணம் சொல்லுதுன்னா, இந்த டிஸ்க்க குளோன் பண்ணிதான் இப்ப ஓடுற டிஸ்க் உருவாகியிருக்கும், ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர். பழைய லேப்டாப்ல எஸ்எஸ்டி போட்டு மாத்தினவங்களுக்கு அப்படியே இது நடக்கும். டிஸ்க் பேர் மேல ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் குடுத்தா விண்டோஸ் புது நம்பர் போட்டுக்கும், டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அதுக்கப்புறம் அந்த பழைய டிஸ்க்ல இருந்து நேரா பூட் ஆக மறுக்கலாம், அது பரவாயில்லன்னா பண்ணுங்க.

"ஃபாரின்"னு இருந்தா அது வேற கம்ப்யூட்டர்ல டைனமிக் டிஸ்க்கா (விண்டோஸோட தனி வகை டிஸ்க் அமைப்பு) இருந்தது, இம்போர்ட்டுங்கறத குடுக்கணும். அதே மெனுவுல பேசிக்கா மாத்துற ஆப்ஷனும் இருக்கும், அத தொட்டா எல்லாம் போயிடும், கண்ண நல்லா திறந்து வெச்சு கிளிக் பண்ணுங்க.

"அன்அலோகேட்டட்"னு கறுப்பா இருந்தா, புது டிஸ்க்னா அது சரிதான், இனிஷியலைஸ் பண்ணி ஜிபிடி (பார்டிஷன் எங்கெங்க இருக்குன்னு எழுதி வைக்கிற புது முறை, பழசுக்கு பேரு எம்பிஆர்) தேர்ந்தெடுத்து ஃபார்மேட் பண்ணிக்கலாம். டேட்டா இருந்த டிஸ்க்னா அடுத்த பகுதிய படிங்க.

டிஸ்க் லிஸ்ட்ல இருக்கு, ஆனா சைஸ் சைபர்னோ "நோ மீடியா"ன்னோ காட்டுதுன்னா, பிரிட்ஜ் கம்ப்யூட்டரோட பேசுது, டிஸ்க் பிரிட்ஜோட பேசலன்னு அர்த்தம். கழட்டி நேரா அழுத்தி மாட்டுங்க, டிஸ்க்க உள்ள சரிய விட்டு தள்ளும்போது கடைசி ஒரு மில்லிமீட்டர் பொருந்தாம இருக்குறது ரொம்ப சாதாரணம். அப்பவும் அப்படியேன்னா கம்ப்யூட்டருக்குள்ள சாட்டா கேபிள்ல நேரா மாட்டி பாருங்க. அங்க வந்துட்டா என்க்ளோஷர் மாத்தணும், அங்கயும் வரலன்னா டிஸ்க்தான்.

லிஸ்ட்ல டிஸ்க்கே இல்ல, டிவைஸ் மேனேஜர்ல மட்டும் மஞ்சள் முக்கோணத்தோட ஒண்ணு இருக்குன்னா, ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் பண்ணிட்டு உருவி மறுபடி சொருகுங்க. எத சொருகினாலும் சவுண்டே வரல, லைட் மட்டும் எரியுதுன்னா கேபிள்ல டேட்டா வயர் இருக்கான்னு சந்தேகப்படுங்க, சார்ஜிங்குக்கு மட்டும் வர்ற கேபிள் நிறைய இருக்கு.

"டிஸ்க்க ஃபார்மேட் பண்ணணும்"னு கேக்குது, இல்லன்னா ரா-ன்னு காட்டுது

இங்கதான் அதிக டேட்டா அழியுது. விண்டோஸ் சொல்றதோட அர்த்தம் "இதுல இருக்குறது எனக்கு படிக்க தெரியல", அவ்வளவுதான், காலியா இருக்குன்னு அது சொல்லவே இல்ல.

முதல்ல டிஸ்க் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிங்க. மேக்ல இருந்து வந்தா ஏபிஎஃப்எஸ் இல்லன்னா எச்எஃப்எஸ் ப்ளஸ், லினக்ஸ்ல இருந்து வந்தா எக்ஸ்ட்4, ரெண்டையும் விண்டோஸ் தானா படிக்காது. அந்த டிஸ்க்க அதே மாதிரி சிஸ்டத்துல சொருகினா எல்லாம் அப்படியே இருக்கும். லினக்ஸ் லைவ் யூஎஸ்பி ஒண்ணு கையில இருந்தா ரொம்ப உதவி, இன்ஸ்டால் பண்ணாமலே பூட் பண்ணி என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 எல்லாம் திறந்து பார்த்துடலாம். நாஸ் பெட்டியில (நெட்வொர்க்ல வெச்சு பயன்படுத்துற ஸ்டோரேஜ்) இருந்து கழட்டின டிஸ்க், ரெய்டுல (பல டிஸ்க்க ஒண்ணா சேர்த்து ஓட்டுற முறை) ரெண்டுல ஒண்ணா இருந்த டிஸ்க், இதெல்லாம் தனியா சொருகினா பெரும்பாலும் ராவாத்தான் தெரியும், ரெய்டு 0ன்னா ஒரு டிஸ்க்ல பாதி பாதி துண்டுதான் இருக்கும், ஜோடிய சேர்த்துதான் எதையும் எடுக்க முடியும்.

அடுத்த காரணம் பலருக்கு தெரியாது, ஆனா முழு டிஸ்க்கும் நல்லா இருந்தும் ரான்னு வர வைக்கிறது இதுதான். டிஸ்க்ல இடத்த செக்டார்னு துண்டு துண்டாத்தான் எண்ணுவாங்க, சாதாரணமா துண்டு 512 பைட். பார்டிஷன் டேபிள்ல "இத்தனையாவது செக்டார்ல பார்டிஷன் ஆரம்பிக்குது"ன்னு எழுதியிருக்கும். சில என்க்ளோஷர்ல, குறிப்பா 2 டிபிக்கு மேல உள்ள டிஸ்க்க பழைய விண்டோஸ்லயும் ஓட வைக்கணும்னு செஞ்சதுல, பிரிட்ஜ் தானா ஒரு துண்டு 4096 பைட்னு மாத்தி சொல்லும். அப்ப என்ன ஆகுதுன்னா, 2048வது செக்டார்னு எழுதியிருந்தா கம்ப்யூட்டருக்குள்ள இருந்தப்ப அது 1 எம்பி தள்ளி இருந்த இடம், இந்த என்க்ளோஷர்ல அது 8 எம்பி தள்ளி, அங்க போய் பார்த்தா ஒண்ணும் இல்ல, உடனே ரா. வீட்டு நம்பர் அதேதான், தெருவ அளக்குற கோல மாத்திட்டாங்க. தலைகீழாவும் நடக்கும், அப்படி ஒரு என்க்ளோஷர்ல ஃபார்மேட் பண்ணி வருஷக்கணக்கா வெச்சிருந்த டிஸ்க்க, என்க்ளோஷர் போச்சுன்னு வேற ஒண்ணுல மாட்டுவாங்க, காலின்னு காட்டும், ஆளு பதறிடுவாரு. இதுக்கு மருந்து எளிது, டிஸ்க் முன்னாடி எதுல ஓடிச்சோ அதுலயே, இல்லன்னா அதே மாடல்ல திரும்ப மாட்டுங்க, அப்படியே வந்துடும், டேட்டாவ வேற இடத்துக்கு காப்பி பண்ணிட்டு புது என்க்ளோஷர்ல ஃபார்மேட் பண்ணிக்கோங்க. விண்டோஸ்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் பக்கம் போனா செக்டாருக்கு எத்தனை பைட்டுன்னு போட்டிருக்கும், 4096ன்னு இருந்தா இந்த சந்தேகம் உறுதியாகும்.

கடையில ரெடியா வாங்கின எக்ஸ்டெர்னல உடைச்சு உள்ள இருந்த டிஸ்க்க எடுத்து போடுறவங்களுக்கு இன்னொண்ணு. சில மாடல்ல பிரிட்ஜ் தானாவே எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணித்தான் (ரகசிய குறியீடா மாத்தித்தான்) டிஸ்க்ல எழுதும், நீங்க பாஸ்வேர்ட் வெச்சிருக்காட்டியும்தான், வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை பாஸ்போர்ட் வரிசையில பல மாடல் இப்படி. அந்த போர்டு இல்லாம டேட்டா வெறும் குப்பையா தெரியும், அதனால பழைய போர்ட தூக்கி போடாதீங்க. சிலதுல டிஸ்க்லயே யூஎஸ்பி போர்ட்ட சால்டர் பண்ணியிருப்பாங்க, சாட்டா முனையே இருக்காது.

இது எதுவுமே இல்ல, நேத்து வரைக்கும் இதே என்க்ளோஷர்ல வந்துச்சு, உருவும்போதோ கரண்டு போனப்பவோ இப்படி ஆச்சுன்னா ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கு. இங்கயும் செக் டிஸ்க்குக்கு முன்னாடி டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு பாருங்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒரு இலவச ப்ரோக்ராம்ல ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலைய தானே குறிச்சு வைக்கிறது) தெரியும், அதுல 05, சி5, சி6ன்னு மூணு வரி இருக்கு, மாத்தி வெச்ச செக்டார், படிக்க முடியாம காத்திருக்குற செக்டார், திருத்தவே முடியாத செக்டார். இந்த மூணுலயும் சைபர் இருந்தா நிம்மதி, டெஸ்ட்டிஸ்க் போட்டு பார்டிஷன தேடி எடுக்கலாம், ரெகவரி ப்ரோக்ராம் எதுவும் ஓட்டலாம், மீட்ட ஃபைல மட்டும் வேற டிஸ்க்ல சேமிக்கணும். சைபர் இல்ல, நம்பர் ஏறிக்கிட்டே போகுதுன்னா ஃபைல் ஃபைலா நோண்டாதீங்க, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ வெச்சு மொத்த டிஸ்க்கையும் ஒரு இமேஜா (அச்சு அசல் நகல்) வேற டிஸ்க்குக்கு எடுத்துட்டு, அந்த இமேஜ்ல மீட்பு வேலைய பண்ணுங்க. ஸ்மார்ட் விவரமே வரலன்னா உடனே பயப்பட வேணாம், சில பிரிட்ஜ் அத கடத்தாது.

டிரைவ் தெரியுது, திறந்தா பூட்டு, பாஸ்வேர்ட், இல்லன்னா அனுமதி இல்லன்னு வருது

பூட்டு படம் இருந்தா அது பிட்லாக்கர், டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. பல லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணும்போதே இது தானா ஆன் ஆகியிருக்கும், உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அந்த லேப்டாப்ல பயன்படுத்தின மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைஸ் பக்கம் பார்த்தா அனேகமா அங்க இருக்கும். கீ இல்லாம திறக்க வழி கிடையாது, திறந்து தர்றேன்னு சொல்ற ப்ரோக்ராமுக்கு காசு கட்டாதீங்க.

பூட்டு இல்ல, பழைய யூசர் ஃபோல்டர தொட்டா மட்டும் அனுமதி இல்லன்னா, அது பழைய விண்டோஸ்ல இருந்த யூசருக்கு எழுதி வெச்ச பர்மிஷன். கன்டினியூ குடுத்தா பல நேரம் திறந்துடும், இல்லன்னா ப்ராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் போய் ஓனர உங்க பேருக்கு மாத்துங்க. முழு டிரைவுக்கும் மாத்தாம தேவையான ஃபோல்டருக்கு மட்டும் மாத்துங்க, அந்த டிஸ்க்ல இருக்குற விண்டோஸ் மறுபடி பூட் ஆகணும்னா இது முக்கியம்.

டிஸ்க் தெரியுது, சைஸும் சரி, ஆனா எத படிச்சாலும் ஐஓ எரர்னா (படிக்க முடியலங்கற பிழை), பழைய லேப்டாப்ல பயாஸ்ல (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற ப்ரோக்ராம்) ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட் வெச்சிருந்தீங்களான்னு ஞாபகப்படுத்தி பாருங்க. அந்த பாஸ்வேர்ட் டிஸ்க்குக்குள்ளயே இருக்கு, சாதாரண என்க்ளோஷருக்கு அத கேக்கத் தெரியாது. பழைய லேப்டாப்ல திரும்ப மாட்டி பயாஸ்ல பாஸ்வேர்ட எடுத்துட்டு கொண்டு வாங்க.

சைஸ் குறைவா காட்டுது

1 டிபி டிஸ்க் 931 ஜிபின்னு காட்டுனா அது கோளாறே இல்ல, கம்பெனி ஆயிரத்துல எண்ணுது, விண்டோஸ் 1024ல எண்ணுது. ஆனா 3 டிபி டிஸ்க் 746 ஜிபின்னு காட்டுச்சுன்னா பிரிட்ஜ் பழசு, 2 டிபிக்கு மேல எண்ணத் தெரியாம சுத்தி வந்துடுது. அந்த நிலையில ஒரு ஃபைல் கூட எழுதாதீங்க, எழுதினா தப்பான இடத்துல போய் விழும். பெரிய டிஸ்க்க தாங்குற வேற என்க்ளோஷர்ல போடுங்க. 2 டிபி மட்டும் வருது, மிச்சம் அன்அலோகேட்டட்னா அது எம்பிஆர் பார்டிஷன் டேபிளோட எல்லை, ஜிபிடிக்கு மாத்தணும், டேட்டாவ வெளிய எடுத்துட்டு மாத்துறதுதான் பாதுகாப்பு.

காப்பி ஆகிட்டு இருக்கும்போதே தொடர்பு அறுந்துடுது

எப்ப அறுதுங்கறத கவனிங்க. கை பட்டா, கேபிள ஆட்டினா அறுதுன்னா கேபிள் இல்லன்னா போர்ட், ஸ்மார்ட்ல சி7 நம்பர் ஏறுதுன்னா டிஸ்க்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல தொடர்பு சரியில்ல, கழட்டி மாட்டுங்க. பத்து இருபது நிமிஷம் சும்மா இருந்த பிறகு காணாம போகுதுன்னா தூக்கம், விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட ஆஃப் பண்ணுங்க, சில என்க்ளோஷர்ல பிரிட்ஜே தூங்க வைக்கும், அத கம்பெனி தர்ற ஃபர்ம்வேர் டூல்லதான் மாத்த முடியும்.

பெரிய ஃபைல் போகும்போது மட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு அறுதுன்னா சூடு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 60 டிகிரி வரைக்கும்தான், பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள காத்து போகாம 3.5 இன்ச் டிஸ்க் சுலபமா அங்க போயிடும், மெத்தை மேல வெச்சு ஓட்டாதீங்க. என்விஎம்இ இன்னும் மோசம், உள்ள வர்ற தெர்மல் பேடோட பிளாஸ்டிக் தாள உரிச்சுட்டு ஒட்டினீங்களான்னு பாருங்க.

லினக்ஸ்ல, ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர்ல, வேகமா எழுதும்போது ரீசெட் ஆகி ரீசெட் ஆகி வருது, கெர்னல் லாக்ல யூஏஎஸ்னு எரர் இருக்குன்னா, அந்த பிரிட்ஜுக்கு யூஏஎஸ் (யூஎஸ்பில டேட்டா அனுப்புற புது வேகமான முறை) சரியா வரல. யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலோட குவிர்க்ஸ் ஆப்ஷன்ல என்க்ளோஷரோட வெண்டர் ஐடி, ப்ராடக்ட் ஐடி, கடைசியில யூங்கற எழுத்து போட்டா பழைய முறைக்கு இறங்கிடும், வேகம் கொஞ்சம் குறையும், ஆனா அறாது.

ரொம்ப ஸ்லோ

நொடிக்கு 30ல இருந்து 40 எம்பில நிக்குதுன்னா யூஎஸ்பி 2.0ல ஓடுது, வேற காரணம் தேடவே வேணாம். 3.0 என்க்ளோஷரோட அகலமான மைக்ரோ-பி ஓட்டைல பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிளும் பாதியில பொருந்தும், வேலையும் செய்யும், ஆனா 2.0 வேகம்தான். டைப்-சி கேபிள்லயும் இதே ஏமாத்து, சார்ஜருக்கு வர்ற கேபிள் பலது டேட்டாவுக்கு 2.0தான். 3.0 முனைய மெல்ல மெல்ல சொருகினா கூட சில சமயம் 2.0வா பிடிச்சுக்கும், உருவிட்டு ஒரே தள்ளா சொருகுங்க.

நல்ல 3.0ல 2.5 இன்ச் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமார் வந்தா அதோட இயல்பு அதுதான், எஸ்எஸ்டின்னா 400க்கு மேல எதிர்பார்க்கலாம். ஆரம்பத்துல வேகமா போய் அப்புறம் படுத்துடுச்சுன்னா எஸ்எம்ஆர் டிஸ்க்கா இருக்கலாம், ட்ராக்க ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுற வகை, விட்டு விட்டு காப்பி பண்ணா சமாளிக்கும். எழுதுறது மட்டும் ஸ்லோன்னா இன்னொண்ணு இருக்கு, விண்டோஸ் 10ல 1809 பதிப்புல இருந்து எக்ஸ்டெர்னலுக்கு ரைட் கேஷ் (எழுத வேண்டியத மெமரில கொஞ்ச நேரம் வெச்சு எழுதுறது) தானா ஆஃப், டிஸ்க்கோட பாலிசீஸ்ல ஆன் பண்ணலாம், ஆனா அப்புறம் எஜெக்ட் குடுக்காம உருவவே கூடாது. படிக்கிறதே சில எம்பிக்கு இறங்கி நடுவுல தொங்குதுன்னா திரும்ப ஸ்மார்ட்ல 05, சி5 பாருங்க, கெட்டுப்போற டிஸ்க் இப்படித்தான் ஆரம்பிக்கும், உடனே பேக்கப்.

சின்ன சின்ன தொல்லைங்க

4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் ஏறல, இடம் இருந்தும் ஃபைல் ரொம்ப பெருசுன்னு வருதுன்னா டிஸ்க் ஃபேட்32ல இருக்கு. விண்டோஸ், மேக் ரெண்டுலயும் எழுதணும்னா எக்ஸ்ஃபேட், விண்டோஸ் மட்டும்னா என்டிஎஃப்எஸ். மேக்ல படிக்க முடியுது, எழுத முடியலன்னா அதுவும் என்டிஎஃப்எஸ்ஸாலதான்.

கம்ப்யூட்டர்ல வருது, டிவில வரலன்னா ஜிபிடியா எம்பிஆரான்னு பாருங்க, பழைய டிவி பலதுக்கு எம்பிஆர்தான் புரியும், எக்ஸ்ஃபேட் புரியாததும் உண்டு.

டிஸ்க்க சொருகி வெச்சுட்டு ஆன் பண்ணா கம்ப்யூட்டர் கறுப்பு திரையில நிக்குதுன்னா, அது பழைய டிஸ்க்ல இருக்குற விண்டோஸ்ல இருந்து பூட் ஆக பார்க்குது, பயாஸ்ல பூட் வரிசைய மாத்தி உள் டிஸ்க்க மேல கொண்டு வாங்க.

எஜெக்ட் குடுத்தா "பயன்பாட்டுல இருக்கு"ன்னு மறுக்குதுன்னா, ஈவெண்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல 225ங்கற நம்பர் தேடுங்க, எந்த ப்ரோக்ராம் பிடிச்சு வெச்சிருக்குன்னு பேரோட எழுதியிருக்கும். கண்டுபிடிக்க நேரம் இல்லன்னா கம்ப்யூட்டர ஷட் டவுன் பண்ணிட்டு உருவுங்க.

டிஸ்க் ஓடும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸ் திக்கி திக்கி நகருது, வைஃபை திணறுதுன்னா டிஸ்க்லயோ மவுஸ்லயோ கோளாறு இல்ல. யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012லயே இத அளந்து எழுதியிருக்காங்க. மவுஸ் ரிசீவர ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள்ல போட்டு தள்ளி வைங்க, வைஃபைய 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, என்க்ளோஷர் கேபிளும் நல்லா ஷீல்டு பண்ணதா இருக்கட்டும்.